எறும்பு சேர்த்த பற்கள்

அந்தி மயங்கும் வேளையில் சுவரோரமாக ஒரு சிற்றுயிர் ஓடுகிறது. நீண்ட மூக்கு, சிறுத்த கண், காதைக் குத்தும் கீச்சுக்குரல், கடந்து போன பின்னும் அகலாத ஒரு நாற்றம். நாம் அதனை மூஞ்சூறு என்கிறோம். மூஞ்செலி என்பாரும் உளர். எலி என்னும் பெயர் ஒட்டிக்கொண்டமையால், எலி செய்யும் குற்றங்களுக்கெல்லாம் அதுவும் அடிபடுகிறது. நெல் மூட்டையைக் கடித்தது எலி; தடியடி விழுவது மூஞ்சூற்றின் மேல்.

உண்மையில் மூஞ்சூறு எலி இனம் அன்று. அதன் வாயைத் திறந்து பார்த்தால் வழக்கு உடனே தீர்ந்துவிடும். எலிக்கு முன்பக்கத்தில் உளி போன்ற வெட்டுப்பற்கள் உண்டு; அவை வாழ்நாள் முழுதும் வளர்வன. அவற்றுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே வெற்றிடம் இருக்கும். மூஞ்சூற்றுக்கோ அத்தகைய இடைவெளி இல்லை. வரிசை முழுதும் கூரிய முனைகள். அவை கொறிப்பதற்கு அமைந்தவை அல்ல. கரப்பான், புழு, வண்டு ஆகியவற்றின் ஓட்டை நொறுக்கித் துண்டாக்க அமைந்தவை. தென்மாவட்டத்துத் தேரிகளிலும் தரிசுகளிலும் காணப்படும் முள்ளெலியும் இவ்வாறே. பெயரில் எலி உண்டு, பிறப்பில் இல்லை. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று உறவுடையன. எலியோ இவ்விரண்டுக்கும் அயல்.

தமிழ் கற்பிப்போனுக்கு விலங்கின் பல்லோடு என்ன வேலை என்று மாணவர் வினவக்கூடும். பெயர் ஒன்றாயினும் பிறப்பு வேறாதல் கூடும் என்பது மொழி கற்போர்க்குப் பழகிய செய்தியேயாகும். 'மா' என்னும் ஓரெழுத்தொருமொழி மரத்தையும் குறிக்கும், விலங்கையும் குறிக்கும். அதனால் மாமரமும் குதிரையும் உறவாகிவிடா. இதே சிக்கல் வட அமெரிக்கப் பாறைகளில் புதைந்து கிடக்கும் சின்னஞ்சிறு பாலூட்டிகளின் ஆய்விலும் நேர்ந்தது. அறிஞர் உலகம் அதிலிருந்து மீள நூறாண்டுக்கு மேலாயிற்று. அக்கதையைச் சொல்லவே இக்கட்டுரை.

பூச்சிகளை உண்ணும் சிறு பாலூட்டிகளையெல்லாம் 'பூச்சியுண்ணிகள்' என ஒரே வரிசையில் அடைத்தனர் பத்தொன்பதாம் நூற்றாண்டு விலங்கியலார். மூஞ்சூறு, முள்ளெலி, அகழ்ந்து வாழும் மோல் ஆகியவற்றோடு ஆப்பிரிக்காவின் பொன்மோல், மடகாஸ்கரின் டென்ரெக், கியூபா, ஹிஸ்பானியோலா தீவுகளின் சோலெனோடான், யானைமூஞ்சூறு, ஆசியாவின் மரமூஞ்சூறு எல்லாம் அதற்குள் வந்து சேர்ந்தன. எர்னஸ்ட் ஹெக்கல் 1866இல் குருட்டுக்குடல் உடையவை, இல்லாதவை என இவற்றை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். எனினும் பை ஒன்றாகவே நீடித்தது. எங்கும் அடங்காத சிறு விலங்கு எது கிடைத்தாலும் அந்தப் பையில் போட்டுவைப்பது வழக்கமாயிற்று. நம் வீடுகளில் உடைந்த பொத்தான், செல்லாத காசு, துருப்பிடித்த சாவி எல்லாம் கிடக்கும் பழைய தகரப்பெட்டி போன்றது அது. புதைபடிவங்கள் வரத் தொடங்கியபின் பெட்டி நிரம்பி வழிந்தது.

இப்புதைபடிவங்கள் கிடைத்த முறை சுவையானது; ஆதலின் அதனைச் சற்று விரித்தே கூறுகிறேன்.

பெரிய விலங்கு இறந்தால் எலும்பு எஞ்சும். கைவிரல் நீள விலங்கு இறந்தால் அதன் எலும்பைப் பறவையும் வெயிலும் வெள்ளமும் பொடியாக்கிவிடும். எஞ்சுவது பெரும்பாலும் பல் ஒன்றே. பாலூட்டியின் உடலில் பல்லின் மேற்பூச்சாகிய எனாமலினும் கடினமான பொருள் வேறில்லை. ஆனால் அப்பல்லோ கடுகினும் சிறிது. குதிரையேறிப் பாலை நிலத்தில் செல்லும் ஒருவர் கண்ணுக்கு அது எவ்வாறு புலப்படும்?

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வயோமிங் மாநிலத்தில், லான்ஸ் ஆற்றோரத்தில் 1889 முதல் 1892 வரை புதைபடிவம் தேடியவர் ஜான் பெல் ஹாட்சர். யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்ஷின் பொருட்டு அவர் முக்கொம்பு டைனோசர்களின் பெருந்தலைகளைத் தோண்டி வண்டியில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார். அதே பாறையில் பாலூட்டிகளின் பற்களும் வேண்டும் என்பது மார்ஷின் கட்டளை. ஹாட்சர் எறும்புகளை நாடினார். அந்நிலத்தில் விதை சேர்க்கும் எறும்பு வகை ஒன்று உண்டு. அது தன் புற்றின் மேற்பரப்பைச் சிறு கற்களால் போர்த்தி வைக்கும். கல்லுக்கும் கல்லாகிவிட்ட பல்லுக்கும் எறும்புக்கு வேறுபாடு தெரியாது. தூக்கத் தக்க அளவாயிருந்தால் போதும். சுற்றுவட்டத்துச் சிறு பற்களெல்லாம் ஒரே மேட்டில் வந்து குவியும். ஒரு புற்றிலிருந்து 200 முதல் 300 வரையிலான பற்களும் தாடைத் துண்டுகளும் கிடைத்ததுண்டு என்று ஹாட்சர் 1896இல் எழுதினார். அதனோடு அவர் நின்றாரில்லை. பற்கள் மிகுந்து எறும்புகள் இல்லாத இடமாயின், வேறிடத்திலிருந்து எறும்போடு கூடிய மண்ணை அள்ளிவந்து அங்கே குடியேற்றுக. அடுத்த ஆண்டு சென்றால் வேலை முடிந்திருக்கும் என்று பிறருக்கு வழியும் காட்டினார்.

தொல்காப்பிய மரபியல் எறும்பை மூவறிவுயிருள் வைக்கும். அம்மூவறிவுயிர், பூச்சியைத் தின்று வாழ்ந்த விலங்கின் பல்லைப் பூச்சியினமாகிய தானே பொறுக்கிச் சேர்த்து ஆறறிவுடையான் கையில் கொடுத்தது! இம்முறை இன்றும் கைவிடப்படவில்லை. நெப்ராஸ்கா மாநிலத்தின் எறும்புப் புற்றுகளிலிருந்து பெற்ற ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சிறுபடிவங்களை ஆராய்ந்து, அதுவரை அறியப்படாத பத்து இனங்களை 2022இல் அறிவித்தனர். அவற்றுள் கொறிக்கும் விலங்குகளே மிகுதி.

எறும்பு இல்லாத இடத்தில் மனிதனே எறும்பாக வேண்டும். கான்சாஸில் பணியாற்றிய கிளாட் ஹிப்பார்டு அடிப்புறம் கம்பிவலை பொருத்திய மரப்பெட்டிகளில் மண்ணை இட்டு நீரில் அலசினார். களிமண் கரைந்து ஓட, மணலும் பல்லும் வலையில் தங்கின. அம்முறையை 1949இல் அவர் எழுதி வெளியிட்டார். பொற்கொல்லர் தெருவின் சாக்கடை மண்ணை அரித்துப் பொன்துகள் தேடுவோரை நம்மூரில் கண்டவர்க்கு இது புதிதாய்த் தோன்றாது. மண் அரித்தல் எளிது. அரித்து எஞ்சிய மணலை உலர்த்தி, உருப்பெருக்கியின் கீழ்ப் பரப்பி, ஊசிமுனையால் ஒவ்வொரு பல்லாகப் பிரித்தெடுப்பதே பெரும்பாடு. மூட்டை மண்ணுக்குப் பத்துப் பல் கிடைத்தாலும் மகிழ்வர்.

இனி அப்பல்லைப் பார்ப்போம். தொல்பாலூட்டிகளின் கடைவாய்ப்பல் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. மேற்பல்லின் ஒரு முனை கீழ்ப்பல்லின் குழியில் வந்து பொருந்தி அரைக்கும். அதே நேரத்தில் இரண்டின் ஓரங்களும் ஒன்றையொன்று உரசி வெட்டும். உரலும் உலக்கையும் ஒருபுறம், கத்தரிக்கோல் மறுபுறம் என இரண்டு கருவிகளை ஒரே பல்லில் வைத்தாற்போன்றது. ஜார்ஜ் கேலார்ட் சிம்ப்சன் 1936இல் இதற்குச் சூட்டிய பெயர், அரைத்தல், ஆப்பு என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களால் ஆனது. பூச்சியின் வழுவழுப்பான ஓட்டை முதலில் குத்தித் துளைத்து, பின் வெட்டி, பின் அரைக்க இதனினும் தக்க கருவி இல்லை. டைனோசர்கள் வாழ்ந்த இறுதிக்காலத்து வயோமிங், மொன்டானா நிலங்களில் சிமோலெஸ்டெஸ், ஜிப்சோனிக்டாப்ஸ், பேட்டோடான் முதலிய சிற்றுயிர்கள் இத்தகைய பற்களோடு திரிந்தன. 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்து டைனோசர்கள் அழிந்தபோது, அப்பெருங்கேட்டைக் கடந்து வந்த பாலூட்டிகள் பெரும்பாலும் சிறியனவே. பசுந்தழை இல்லாதபோதும் மட்கும் மரத்தடியில் பூச்சி இருக்கும்; அது ஒரு காரணம் என்பர்.

பல் மட்டுமன்றி முழு மண்டையோடே கிடைத்த பேறு லெப்டிக்டிஸ் என்னும் விலங்குக்கு வாய்த்தது. தென் டக்கோட்டா, நெப்ராஸ்கா மாநிலங்களில் ஒயிட் ரிவர் படிவுகள் என்பன உண்டு. எரிமலைச் சாம்பல் கலந்த வண்டல் அடுக்கடுக்காய்ப் படிந்து, பின் மழையால் அரிக்கப்பட்டு, முகடும் பள்ளமுமாகக் கிடக்கும் நிலம் அது. லகோட்டா மக்கள் அதனை 'மாகோ சிகா' என்றனர். கெட்ட நிலம் என்பது பொருள். உழவுக்கு அது கெட்ட நிலந்தான்; ஆய்வுக்கோ நன்செய். அங்கிருந்து வந்த ஒரு மண்டையோட்டை ஆராய்ந்து ஃபிலடெல்ஃபியாவின் ஜோசப் லீடி 1868இல் லெப்டிக்டிஸ் எனப் பெயரிட்டார். நீண்ட மூக்கும், உச்சியில் இணையாகச் செல்லும் இரு வரப்பு போன்ற எலும்பு விளிம்புகளும் உடைய தலை அது. பிற்காலத்தில் உடலெலும்புகளும் கிடைத்தன. முன்கால் குட்டை, மண்ணைக் கிளற ஏற்றது. பின்கால் நீளம், துள்ளி ஓட ஏற்றது.

இது முள்ளெலியின் முன்னோர் என்று நெடுங்காலம் எழுதினர். நீண்ட மூக்கும் பூச்சி தின்னும் பல்லும் இருந்தமையே அதற்குப் போதிய சான்றாகத் தோன்றிற்று. இன்றைய ஆய்வாளர் அவ்வாறு கருதுவதில்லை. லெப்டிக்டிஸ் தனிக்கிளை, இன்று வாழும் எந்தக் குடும்பத்திலும் சேராதது, வழித்தோன்றல் எதுவுமின்றி மறைந்தது. 'எளிய உருவம் உடையதெல்லாம் மூதாதை' என்னும் எண்ணம் எவ்வளவு எளிதாக அறிஞரையும் ஆட்கொள்கிறது!

இதனினும் பெரிய குழப்பம் ஆப்டர்னோடஸ் என்னும் விலங்கால் விளைந்தது. மொன்டானாவின் பைப்ஸ்டோன் ஸ்பிரிங்ஸ் என்னுமிடத்தில் கிடைத்த படிவத்துக்கு வில்லியம் டில்லர் மேத்யூ 1903இல் இப்பெயரைச் சூட்டினார். மூஞ்சூற்றின் மேற்கடைவாய்ப் பல்லை உருப்பெருக்கியில் நோக்கினால் அதன் விளிம்பு ஆங்கில 'டபிள்யூ' எழுத்தைப் போல் வளைந்து செல்லும். ஆப்டர்னோடஸின் பல்லிலோ அது 'வி' எழுத்தின் வடிவம். இந்த 'வி' வடிவப் பல் இன்று யாருக்கு உண்டு? மடகாஸ்கரின் டென்ரெக்குக்கு உண்டு. ஆப்பிரிக்கப் பொன்மோலுக்கு உண்டு. கரீபியத் தீவுகளின் சோலெனோடானுக்கு உண்டு. ஆகவே இவையெல்லாம் ஒரு குலத்துப் பிள்ளைகள் எனவும், மொன்டானாவில் கிடைத்தது அக்குலத்தின் பழைய உறுப்பினர் எனவும் கருத இடம் ஏற்பட்டது. பல் ஒன்றாயின் பாட்டன் ஒருவன் என்பதே அக்கருத்தின் அடிப்படை.

1998இல் மரபணு ஆய்வு இதனைக் கலைத்துப் போட்டது. ஸ்டான்ஹோப்பும் அவருடைய குழுவினரும் உயிரணுக்களின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டு வெளியிட்ட முடிவு எவரும் எதிர்பாராதது. டென்ரெக்கும் பொன்மோலும் மூஞ்சூற்றுக்கு உறவே அல்ல. அவை யானை, கடற்பசு, எறும்புண்ணும் ஆர்ட்வார்க், யானைமூஞ்சூறு ஆகியவற்றோடு சேர்ந்த ஆப்பிரிக்கக் குலத்தைச் சார்ந்தவை. உள்ளங்கையில் அடங்கும் டென்ரெக்குக்கு யானை உறவு. உருவத்தில் ஒத்த மூஞ்சூறு அயல்! யானைமூஞ்சூறு என்ற பெயரில் இருந்த 'யானை' மூக்கை நோக்கி விளையாட்டாக இட்டது. அது பிறப்பிலும் உண்மையாகிவிட்டது ஒரு வேடிக்கை. மரமூஞ்சூறு வேறொரு திசையில், மனிதனும் குரங்கும் நிற்கும் கிளையின் அருகே போய்ச் சேர்ந்தது. பழைய தகரப்பெட்டியில் கடைசியாக எஞ்சியவை மூஞ்சூறு, மோல், முள்ளெலி, சோலெனோடான் என்னும் நான்கு குடும்பங்களே. பூச்சியுண்ணிகள் என்னும் வரிசைப் பெயரே பாடநூல்களிலிருந்து மெல்ல நீங்கிற்று.

அப்படியாயின் 'வி' வடிவப் பல் என்ன ஆயிற்று? அது உறவின் அடையாளம் அன்று, தொழிலின் அடையாளம். மென்மையான புழுவையும் பூச்சியையும் அரைக்காமல் வெட்டி விழுங்கும் வாழ்க்கை எங்கெங்கு நேர்ந்ததோ அங்கங்கெல்லாம், தனித்தனியே, பல் அவ்வடிவத்தை அடைந்தது. வெவ்வேறு நாட்டுக் கொல்லர்கள் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே வடிவில் அரிவாள் செய்வது போல. ராபர்ட் ஆஷரும் துணைவரும் 2002இல் ஆப்டர்னோடஸ் மண்டையோடுகளை மீண்டும் விரிவாக ஆராய்ந்தனர். பல்லை மட்டும் நோக்காமல், காதைச் சூழ்ந்த எலும்பு, நரம்பு செல்லும் துளைகள், பின்தலையில் இருபுறமும் விசிறி போல் விரிந்த எலும்புத் தகடு அனைத்தையும் கணக்கில் கொண்டனர். அவ்வாறு பார்த்தபோது ஆப்டர்னோடஸ், மடகாஸ்கரை நோக்கி அன்று, மூஞ்சூற்றை நோக்கியே நகர்ந்தது.

இங்கு ஓர் உண்மையான இடர்ப்பாடு எழுகிறது. டென்ரெக் உயிரோடு இருப்பதால் அதன் மரபணுவைக் கேட்டு நம் பிழையைத் திருத்திக்கொண்டோம். ஐந்து கோடி ஆண்டுப் பல்லிலிருந்து மரபணுவைப் பெற வழியில்லை. அது என்றோ சிதைந்தழிந்தது. வாழும் விலங்கின் பல்லே நம்மை ஏமாற்றியதென்றால், பல்லையன்றி வேறெதையும் விட்டுச் செல்லாத நூற்றுக்கணக்கான இனங்களுக்கு நாம் எழுதிவைத்த உறவுமுறைகளை எந்த அளவுக்கு நம்புவது? படிவத்துக்குப் பெயரிடும் ஒவ்வொருவரும் இவ்வினாவை எதிர்கொண்டே ஆகவேண்டும். சிலர் மிகையாக நம்புகின்றனர் என்பது என் கருத்து.

1998 வேறொரு வகையிலும் நினைவுகூரத் தக்கது. அவ்வாண்டில் பிளாக், ரோஸ், ஜிஞ்சரிச் ஆகிய மூவரும் வயோமிங்கின் 5 கோடியே 30 இலட்சம் ஆண்டுப் பழைமையுடைய படிவிலிருந்து பேட்டோடனாய்டஸ் வான்ஹூட்டெனி என்னும் புதிய இனத்தை அறிவித்தனர். நன்னீர்ச் சுண்ணாம்புக் கட்டிகளை மென்மையான அமிலத்தில் ஊறவைத்தால் சுண்ணாம்பு கரையும், பல்லும் எலும்பும் கரையாது நிற்கும். அவ்வாறு எடுத்தது இது. பல்லின் அளவை இன்றைய சிறு பாலூட்டிகளின் பல்லோடும் நிறையோடும் ஒப்பிட்டு அதன் உடல் நிறை 1.3 கிராம் அளவினது எனக் கணித்தனர். நம் தட்டார் கணக்கில் பத்துக் குன்றிமணி! இன்று வாழ்வனவற்றுள் மிகச் சிறியவையாகிய எட்ரஸ்கன் மூஞ்சூறும் தாய்லாந்து வௌவாலும் ஏறத்தாழ 2 கிராம் நிறையின. ஆதலின் இதுகாறும் அறியப்பட்ட பாலூட்டிகளுள் இதுவே மிகச் சிறியதாதல் கூடும்.

இதனினும் சிறுத்தல் ஏன் அரிது என்பதை வீட்டிலேயே காணலாம். அண்டாவில் கொதித்த நீர் நெடுநேரம் சூடாயிருக்கும். அதே நீரைக் கரண்டியில் எடுத்தால் நொடியில் ஆறும். உடல் சிறுக்கச் சிறுக்க, அதன் பருமனை நோக்க மேற்பரப்பு மிகும். வெப்பம் அவ்வழியே வெளியேறும். இழந்த வெப்பத்தை ஈடுசெய்ய ஓயாது உண்ண வேண்டும். எட்ரஸ்கன் மூஞ்சூற்றின் இதயம் நிமிடத்திற்கு ஆயிரம் முறைக்கு மேல் துடிக்கிறது. சில மணி நேரம் இரை கிடைக்காவிடில் அது மடியும். பேட்டோடனாய்டஸ் வாழ்ந்த காலத்தில் உலகம் இன்றினும் வெப்பம் மிக்கதாயிருந்தது; வயோமிங்கில் முதலைகள் வாழ்ந்தன. அச்சூழல் குன்றிமணி உயிருக்கு ஓரளவு துணைசெய்திருக்கலாம். எனினும் 1.3 கிராம் என்பது எடைத்தட்டில் வைத்துப் பெற்ற அளவன்று; ஒரு பல்லிலிருந்து கணித்த அளவு என்பதை மறத்தல் ஆகாது.

கணிப்பு எவ்வளவு விரைவில் தடுமாறும் என்பதற்குக் கனடாவிலிருந்து ஒரு சான்று. ஆல்பர்ட்டா மாநிலத்தில் 6 கோடி ஆண்டுப் பாறையில் கிடைத்த பைசனால்வியஸ் என்னும் சிறு விலங்கின் கோரைப்பல்லில் நெடுக ஒரு பள்ளம் காணப்பட்டது. நஞ்சைச் செலுத்தும் வாய்க்கால் அது என்று ஃபாக்ஸ், ஸ்காட் இருவரும் 2005இல் எழுதினர். மூஞ்சூற்று இனத்துள் நச்சு எச்சில் உடையவை இன்றும் வட அமெரிக்காவில் உண்டு, சோலெனோடானுக்கும் உண்டு. ஆகவே செய்தி நம்பத் தக்கதாய்த் தோன்றிற்று. ஆனால் 2007இல் வேறு ஆய்வாளர் நஞ்சே இல்லாத பல பாலூட்டிகளின் கோரைப்பல்லிலும் அத்தகைய பள்ளம் இருத்தலை எடுத்துக்காட்டினர். பள்ளம் கண்ட இடமெல்லாம் நஞ்சு ஓடிற்று என்பது சாலாது என்றாயிற்று.

அண்மைக்காலத்தில் பல்லைப் பாறையிலிருந்து பிரிக்காமலே பார்க்கும் வழி பிறந்துள்ளது. மருத்துவமனைகளில் நாம் அறிந்த சி.டி. ஸ்கேன் கருவியின் நுண்வகை அது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் டிரிஃப்ட்வுட் கேன்யன் என்னும் இடத்தில் ஒரு சிறு தாடை கிடைத்தது. பழைய ஏரியடியில் படிந்த மெல்லிய ஏடு போன்ற பாறை. அதற்குள் பதிந்த, தொட்டால் நொறுங்கும் எலும்பு. எடுக்க முயன்றால் பல் உடையும் என அஞ்சி, பாறையோடு கருவிக்குள் வைத்துப் படமெடுத்தனர். உள்ளிருந்த பற்கள் திரையில் முழு உருவோடு தோன்றின. ஜேலின் எபர்லியும் துணைவரும் 2014இல் அதற்கு சில்வகோலா அகாரெஸ் எனப் பெயரிட்டனர். காட்டில் வாழும் குட்டி உயிர் என்பது பொருள். 5 கோடியே 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அது, முள்ளெலிக் குலத்தைச் சார்ந்தது என்பது அவர்தம் முடிவு. மூக்கிலிருந்து உடல் முடியும்வரை 5 அல்லது 6 சென்டிமீட்டர், நம் கட்டைவிரல் நீளம். இன்றைய முள்ளெலிகள் அதைவிடப் பன்மடங்கு பெரியன.

தாடை இன்னும் பாறைக்குள்ளேதான் இருக்கிறது. முள்ளெலி என்று நாமும் அதற்குப் பெயரிட்டு அழைக்கிறோம். ஆனால் அதன் முதுகில் முள் இருந்ததா, மெல்லிய மயிர்தான் இருந்ததா என்பதைச் சொல்லத்தக்க எதுவும் அத்தாடையில் இல்லை.